அரைப்பேர்

ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸுக்கு
ஐம்பதில் ஒரு நொடி போதும் என்பது
முழுச்சட்டகக்காரர்களின் கணக்கு.
என் கேமரா கண்டியில் ஒருவர் பாவித்து விற்றது.
உள்ளே இருக்கும் சென்சார் சின்னது.
எங்கள் லயத்து அறை மாதிரி:
இந்தப் பக்கம் இருமினால்
அந்தப் பக்கம் விளக்கு எரியும்.
சின்ன இடத்தில்
கையின் சின்ன நடுக்கமும்
ஒன்றரை மடங்காகக் கேட்கும்.

அதனால் ஐம்பதை ஒன்றரையால் பெருக்கு.
எழுபத்தைந்து.
கேமராவின் சில்லில் எழுபத்தைந்து இல்லை,
எண்பது இருக்கிறது.
முழங்கையை விலாவில் ஒட்டி
மூச்சைப் பாதி விட்டு நிறுத்தி
எண்பதில் ஒரு நொடி.
பொகவந்தலாவைக் குளிரில்
மூன்று சடங்கு வீடும் ஒரு கல்யாணமும்
அந்த எண்பதால் தப்பின.

தவமலர் கேட்டது சடங்குப் படம் இல்லை.
"அந்த முள்ளப் புடிச்சுக் குடு" என்றாள்.
"எந்த முள்ளு?"
"தராசு முள்ளுதான்.
பதினெட்டு இருந்தா முழுப்பேரு.
பதினாறுன்னு எழுதிட்டா அரைப்பேரு.
எனக்கு இந்த மாசம்
ஒம்பது அரைப்பேரு."

பின்னேரம் நாலரை.
கொழுந்து மடுவத்தின் தகரத்தில் மழை.
ஒரே ஒரு பல்பு,
அதுவும் கணக்கரின் புத்தகத்துக்கு மேலே.
லென்ஸை முழுக்கத் திறந்து
ஐஎஸ்ஓவை மூவாயிரத்து இருநூறுக்கு ஏற்றி
எண்பதில் வைத்தேன்.
கை அசையவில்லை, சத்தியமாய் அசையவில்லை.
சாக்கின் தையல் தெரிகிறது.
சுவரில் யாரோ கரியால் எழுதி
யாரோ அழித்த பெயர் தெரிகிறது.
கணக்கரின் காதுமயிர் தெரிகிறது.
முள் மட்டும் புகை.

எண்பது என் கைக்குத்தான் காவல்.
கொக்கியில் ஆடுகிற சாக்குக்கு
அது என்ன செய்யும்?

மறுநாள் இருநூற்றைம்பது.
படம் இருண்டு
குருணை கொட்டின மாதிரி ஒரே புள்ளி.
ஆனால் முள் நின்றது.
பதினாறில்.
அடுத்த படத்திலும் நின்றது.
இருபதில்.

அதே சாக்கு. அதே தவமலர்.
இதை யாரிடம் கொண்டுபோய்க் காட்ட?
முதல் படத்தை எடுத்துக்கொண்டு
"நான் சொன்னேனே" என்பார் கணக்கர்.

கேமராவைக் கழுத்தில் போட்டுவிட்டு
வெறுங்கண்ணால் பார்த்தேன்.
சாக்கு விழுந்ததும் முள் துள்ளுகிறது.
மேலே போகும்போது அவர் பேனாவை உதறுகிறார்.
கீழே வரும்போது
"பதினாறு!"
நிற்பதற்குள் அடுத்த சாக்கு.
அவரும் இருநூற்றைம்பதில் பார்க்கிறார்,
எப்போது அமுக்குவது என்று தெரிந்து.

மூன்றாம் நாள்
தவமலரின் தலைத்துண்டைச் சுருட்டி
இரும்புத் தூணில் வைத்து
அதன்மேல் கேமராவை அழுத்தினேன்.
ஐஎஸ்ஓவை நூறுக்கு இறக்கினேன்.
அரை நொடி.
கையில் பிடித்து எடுக்கிற எவனும் வைக்காத வேகம்.

கணக்கர் கரைந்துபோனார்.
வரிசையில் நின்ற பெண்களுக்கு முகமில்லை,
நிறம் மட்டும் ஒழுகியது.
தூணோடு தூணாய் அசையாதிருந்த தராசு வட்டத்தில்
எண்கள் எல்லாம் துல்லியம்,
முள் ஒரு விசிறி,
பதினாறிலிருந்து இருபது வரை.

கேமராவின் முதுகுத் திரையை
அவளிடம் பெரிதாக்கிக் காட்டினேன்.
கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை.
பிறகு விசிறியின் நடுவில்
கறை ஏறின நகத்தை வைத்தாள்.
"இங்கனதான் நிக்கும். விட்டா."
நகத்தடியில் பதினெட்டு.

"தொரைகிட்ட காட்டலாம்" என்றேன்.
"ஆனா ஆடிப்போன படம்னு சொல்லுவாங்க."

ஈரத் துண்டை உதறித்
தலையில் கட்டிக்கொண்டே சொன்னாள்:
"ஆடுச்சுல்ல."